மேற்கோள்களை எண்ணப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து

நூலக அறிவியல் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் போன வாரம் வந்திருந்தாள். ஒரு சமூகக் கொள்கை ஆய்வாளர் எழுதியவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், அவர் யார் யாரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார் என்று அளக்க வேண்டுமாம், கிட்டத்தட்ட நான் செய்த அதே ப்ராஜெக்ட். “கூகுள் ஸ்காலர்ல பேரைப் போட்டா எச்-இண்டெக்ஸ் வந்துருமேக்கா, அதுக்கு எதுக்கு ஆறு மாசம்?” என்றாள். கூகுள் ஸ்காலர் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் தளம், எச்-இண்டெக்ஸ் ஒருவரின் மேற்கோள்களை ஒரே எண்ணாகச் சுருக்கும் அளவு. பாளையங்கோட்டையிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்குப் பஸ்ஸில் போய்வந்த நாட்களில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் பெயர். என் நேரத்தில் பாதி இதற்கே போனது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நம் பக்கத்து ஆட்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. இசக்கிமுத்து மகன் மாரியப்பன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இசக்கியை ஆங்கிலத்தில் சிலர் ‘ஈ’யில் தொடங்குவார்கள், சிலர் ‘ஐ’யில். ஒரு இதழ் அவரை ஈ. மாரியப்பன் என்று போடும், இன்னொன்று மாரியப்பனை முன்னால் வைத்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடும், கடைசியில் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் ஒரே மனிதர் மூன்று பேராகக் கிடப்பார். அது போதாதென்று வேறு ஊர் மாரியப்பன் ஒருவரின் வேதியியல் கட்டுரையும் இவர் கணக்கில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் ஆர்க்கிட் எண் இருந்தால் சுலபம், ஆனால் அது 2012-இல்தான் வந்தது, அதற்கு முந்தைய கட்டுரைகளை ஆய்வாளரே உட்கார்ந்து சேர்த்திருந்தால்தான் உண்டு. வேலை பார்த்த நிறுவனம், கூட எழுதியவர்கள், பொருள் மூன்றையும் பார்த்து ஒவ்வொரு கட்டுரையாக முடிவெடுங்கள், ஏன் சேர்த்தீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதை எக்ஸெலில் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அடுத்தது எங்கே எண்ணுவது. ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் இரண்டுமே 2004-இல் வந்தவை. பெரும்பாலும் ஸ்காலரில்தான் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும், ஏனென்றால் புத்தகம், தீசிஸ், அறிக்கை எல்லாவற்றையும் அது அள்ளிக்கொண்டு வரும், ஒரே கட்டுரையை இரண்டு தடவை எண்ணுவதும் நடக்கும். ‘பப்ளிஷ் ஆர் பெரிஷ்’ என்ற இலவச மென்பொருளில் ஸ்காலர் தரவை இறக்கி, இரட்டைப் பதிவுகளைக் கையால் நீக்கலாம்.

எச்-இண்டெக்ஸ் 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. குறைந்தது 5 மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் 5 இருந்தால் எச் 5, 6-க்கு 6 இருந்தால் எச் 6, இப்படி எட்டுகிற பெரிய எண்தான் அது. ஆறு கட்டுரைகளுக்கு முறையே 40, 18, 9, 6, 5, 3 மேற்கோள்கள் என்றால் எச் 5. முதல் எண் 40-க்குப் பதில் 4,000 ஆக இருந்தாலும் அதே 5-தான்! சமூகக் கொள்கையில் ஒருவர் பத்து வருஷம் உழைத்து எழுதிய ஒரு புத்தகம்தான் அவர் பெயரையே தாங்கி நிற்கும், அந்தப் புத்தகம் இந்த எண்ணில் தெரியாது. அதனால் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவற்றைத் தனி அட்டவணையாகக் கொடுங்கள்.

இன்னொன்றும் விடுபடும். 1956-இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அது நம் திருநெல்வேலி மாவட்டம்தான். அந்த மாதிரித் திட்டத்தைப் பற்றிய ஆய்வை ஒரு அரசுக் குழு எடுத்துப் பயன்படுத்தினால், அந்த அறிக்கை, ஆய்வு இதழ்களை மட்டும் எண்ணுகிற தரவுத்தளத்துக்குள் வராது, கட்டுரைக்கு மேற்கோள் பூஜ்யம் என்றே காட்டும். குழந்தையின் தட்டு வரைக்கும் போன ஒரு வேலையைப் பூஜ்யம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. அறிக்கைகளைத் தேடிப் படித்து, பின்னிணைப்பில் தனிப்பட்டியல் வைத்தேன்.

கூட்டாய்வு எவ்வளவு என்று அளக்கச் சுப்ரமணியம் என்பவர் 1983-இல் கொடுத்த சூத்திரமே பலரும் போடுவது. மொத்தம் 60 கட்டுரையில் 42 பலர் சேர்ந்து எழுதியவை என்றால் 0.7, அவ்வளவுதான். அப்புறம், யார் யாரோடு எழுதினார்கள் என்பதை வலைப்பின்னலாக வரையும் விஓஎஸ்வியூவர் மென்பொருளில் படம் போடுவீர்கள், அங்கேதான் கவனம் வேண்டும். 15 பேர் எழுதிய ஒரே ஒரு கட்டுரை, படத்தில் 105 இணைப்புகளாக அடர்ந்து நின்று, இருபது வருஷம் கூடவே எழுதிய ஒருவரை மூலையில் தள்ளிவிடும். ஒரு கட்டுரையின் மதிப்பை எழுதியவர்களுக்குள் பங்கு பிரித்து எண்ணும் முறையிலும் ஒரு படம் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர்கள் பல கட்டுரைகளில் நன்றியுரையில்தான் இருப்பார்கள், படத்தில் வரமாட்டார்கள். அதையும் ஒரு பத்தி எழுதிவிடுங்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எந்தத் தேதியில எடுத்த எண்ணிக்கைம்மா இது?” என்பதுதான். ஒவ்வொரு அட்டவணைக்குக் கீழேயும் தேதி போட்டிருந்தேன், காட்டினேன். இரண்டாவது கேள்வி அந்தப் பின்னிணைப்பைப் பற்றி, அதற்கு அரை மணி நேரம் பேசினோம்.