திரும்பினோம்

கல்யாண் நிலையத்தைத் தாண்டியதும் மத்திய ரயில்வேயின் மும்பைப் புறநகர்த் தண்டவாளம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடகிழக்கே கசாராவுக்கும் மற்றொன்று தென்கிழக்கே கர்ஜத்துக்கும் செல்கிறது. டோம்பிவிலியில், கல்யாணுக்கு இரண்டு நிலையம் முன்னால் குடியிருந்த எங்கள் அப்பாவின் வாழ்க்கையில் முக்கியமான முடிவுகள் பெரும்பாலும் அந்தப் பிரிவைப் பற்றியவையாகவே இருந்தன. கசாரா என்றால் களசுபாய் சிகரம், ரத்தன்கட் கோட்டை, பண்டார்தரா. கர்ஜத் என்றால் ராஜ்மாச்சி, பேப் கோட்டை, மாத்தேரானின் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதைகள். சனிக்கிழமை அரை நாள் அலுவலகம் முடிந்து வந்து, குளித்து, அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் பைக்குள் வைத்தபடியே, எந்தக் கிளையில் மலையேறப் போவது என்பதை அவர் தீர்மானிப்பார்.

2022 மார்ச்சில் அவர் காலமானபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: பயமே அறியாத மனிதர். அன்று நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன் என்றாலும் அது உண்மையில்லை. அப்பா நன்றாகப் பயப்படத் தெரிந்தவர். கணக்கர் வேலை பார்த்தவர் என்பதால் அந்தப் பயத்தையும் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நீளமான, சிவப்பு முதுகு வைத்த அந்த நோட்டில் தேதி, ரயில், பேருந்துக் கட்டணம், எத்தனை லிட்டர் தண்ணீர், யார் யார் உடன் வந்தார்கள் என்று வரிசையாகக் கோடு போட்டிருப்பார். கடைசிப் பத்தியில் இரண்டில் ஒரு சொல்தான் இருக்கும்: ‘உச்சி’ அல்லது ‘திரும்பினோம்’. காரியம் முடிந்த பிறகு ஒரு மதியம் உட்கார்ந்து எண்ணினேன். 143 பயணங்களில் 38 முறை திரும்பியிருக்கிறார்.

இந்த எச்சரிக்கை அவருக்கு மகாராஷ்டிரத்தில் வந்ததல்ல. அவர் அம்பாசமுத்திரத்துக்காரர், தாமிரபரணியில் நீந்திப் பழகியவர். தெளிந்திருந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்கிறது என்று பொருள், உடனே கரை ஏறிவிட வேண்டும் என்று அவருடைய தாத்தா சொல்லிக் கொடுத்திருந்தார். 1972இல் 22 வயதில் வேலை தேடி பம்பாய் வந்தவர், அந்தப் பாடத்தை அப்படியே சஹ்யாத்ரி என்று இங்கே சொல்லும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்குக் கொண்டுபோனார். ஆற்றங்கரையில் கற்றதை வைத்து ஒருவர் கோட்டை ஏறினார் என்று சொன்னால் இங்குள்ள மலையேறிகள் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஓடைகளில் தண்ணீர் ஏறும் வேகத்தைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

ஹரிச்சந்திரகட் கோட்டைக்கு அவர் மூன்று முறை கிளம்ப வேண்டியிருந்தது. கல்யாணில் சிவப்பு அரசுப் பேருந்து பிடித்து, மால்ஷேஜ் கணவாய் ஏறி, கூபி பாட்டாவில் இறங்கி, அணைக்கரை வழியாக கீரேஷ்வர் கிராமம்வரை நடந்தால், அங்கிருந்து தோலார் கிண்டி என்ற கணவாய் வழியாக மேலே ஏறலாம். 1986இல் அலுவலக நண்பர்களுடன் போனவர், அந்தக் கணவாயில் புலி செதுக்கிய கல்லருகே மழை பிடித்துக்கொள்ள, அதைக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார். 1992இல் என்னையும் அழைத்துப் போனார். எனக்குப் பன்னிரண்டு வயது. கிண்டிக்கு மேலே செங்குத்தான பாறைப் பகுதியைப் பாதி ஏறியபோது மேகம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. முன்னால் போன இளைஞர் கூட்டம் மேலிருந்து “அண்ணா, வாங்க, வாங்க” என்று மராத்தியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அப்பா பாறையில் உட்கார்ந்து கால்மணி நேரம் காத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து கீழ்ப்பக்கம் திரும்பினார். நான் அழுதேன். அப்போது அவர் சொன்னதை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வதுண்டு: “ஏட்டி, ஏறுறது நம்ம கணக்கு. இறங்குறது உங்க அம்மா கணக்கு.”

1994 அக்டோபரில், மூன்றாவது முறை, ஏறினோம். இரவு குகையில் படுத்து, விடிந்ததும் கொங்கண் கடாவின் விளிம்புக்குப் போனோம். உள்நோக்கி வளைந்த அந்தப் பெரும் பாறைச் சுவர் மேற்கு பார்த்தது. முதுகுப்புறம் சூரியன் எழ, கீழே பள்ளத்தாக்கை நிறைத்திருந்த மூடுபனியில் முழு வட்டமாக ஒரு வானவில் தோன்றியது. இந்திரவஜ்ரம் என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் இதை, 1835இல் கர்னல் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் பதிவு செய்திருக்கிறார். வட்டத்தின் நடுவில் பார்ப்பவரின் நிழல் விழும். பக்கத்தில் நிற்பவருக்கு அவரவர் நிழலைச் சுற்றித்தான் வட்டம். இருவரும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தோம் (நிற்க அவர் விடவில்லை, என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்). இரண்டு நிமிடம் இருந்திருக்கும். நோட்டில் அன்றைய பதிவு: ‘உச்சி. பஸ் 40 நிமிடம் தாமதம்.’

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, லோக்கல் ரயில்கள் நின்றுபோயின. எங்கள் கட்டடத்து ஆண்கள் பலர் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, இடுப்பளவு தண்ணீரில் நீந்தாத குறையாக வீடு வந்து சேர்ந்தார்கள். கோட்டை கோட்டையாக ஏறிய எங்கள் அப்பா மட்டும் வரவில்லை. அலுவலக மேசை மேல் படுத்துத் தூங்கிவிட்டு, பிஸ்கட் தின்று, இரண்டாம் நாள் மாலை உலர்ந்த சட்டையுடன் வந்தார். அம்மா பல நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. எனக்குமே அன்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்த நாளையும் நோட்டில் எழுதியிருக்கிறார். அலுவலக வாசல்வரை போய்த் தண்ணீரின் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு ‘திரும்பினோம்’ என்று. தனியாக இருந்தவர் ஏன் பன்மையில் எழுதினார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவோடு நிறுத்திக்கொண்டார். அங்கே கார்வி என்ற புதர் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து, விதை போட்டு, மடியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நம் குறிஞ்சியும் அதுவும் ஒரே பேரினம் என்பதால், ‘குறிஞ்சிக்குத் தங்கச்சி’ என்பார். 2008இலும் 2016இலும் போய்ப் பார்த்திருக்கிறார். அதற்குக் கீழே முன்கூட்டியே ‘2024’ என்று எழுதி, மற்ற பத்திகளைக் காலியாக விட்டிருந்தார்.

அந்த ஆண்டு மழைக்காலம் முடியும் நேரத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். நாற்பது ஆண்டுகள் புளியோதரை கட்டிக் கொடுத்தவள் ஒருமுறைகூட உடன் போனதில்லை. கான்ஹேரி குகைப் பக்கம் கார்வி பூத்திருந்தது. முதல் சரிவில் ஒரு கொத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாசனை இல்லையே என்றாள். இன்னும் மேலே அடர்த்தியாக இருப்பதாகக் காவலர் சொன்னார். அம்மா படியைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், போதும் என்றாள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். ரயில் கட்டணம், தண்ணீர் ஒரு லிட்டர், உடன் வந்தவர் அம்மா. கடைசிப் பத்தியில் என்ன எழுத வேண்டும் என்று அவளே சொன்னாள்.