சாய்ந்து உறைந்த டியூப்

"அக்கா, இது மட்டும் ஏன் சாய்ஞ்சு உறைஞ்சிருக்கு?"

எங்கள் லேபின் ஆய்வு மாணவி ஒரு 2 மில்லி டியூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டாள். டியூப் நேராக நின்றது. உள்ளே ஐஸின் மேல்மட்டம் மட்டும் ஒரு பக்கம் சரிந்திருந்தது. "ஃப்ரீசர்ல பெட்டி சாய்வா இருந்துச்சும்மா. வைக்கும்போதே அப்படித்தான் உறைஞ்சிருக்கும்" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை, வாயில் வந்தது. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு டியூபை ஐஸில் செருகினாள். நான்கு வருடம் ஆகிறது. நான் சொன்னது பொய்யா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமை இரவு வாட்ச்மேன் அண்ணன் போன் செய்திருந்தார். "மேடம், உங்க ரூம்ல ஏதோ கத்திக்கிட்டே இருக்கு." கரண்ட் போயிருக்கும் என்று தெரியும். "வந்ததும் நின்னுரும்ணே" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். பையனுக்குக் காய்ச்சல், ஞாயிற்றுக்கிழமையும் போக முடியவில்லை. திங்கள் காலை போனபோது ஃப்ரீசரின் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. மைனஸ் 80 காட்ட வேண்டிய டிஸ்ப்ளே மைனஸ் 46 காட்டியது. திறந்து தொட்டுப் பார்த்தேன், எல்லாம் கல் மாதிரி இருந்தன. சாரிடம் சொன்னேன். "உருகலைல்ல? அப்புறம் என்ன" என்றார். லாக் புத்தகத்தில் "மின்தடை. மைனஸ் 46. சாம்பிள்கள் உறைநிலையில் உள்ளன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

ஆனால் கம்ப்ரசர் ஓடியது. அப்படியென்றால் வெப்பநிலை இறங்கி வந்துகொண்டிருந்தது. எந்த இடத்திலிருந்து இறங்கியது? மைனஸ் 40 வரை ஏறி இறங்கியிருந்தால் ஒன்றுமில்லை. பூஜ்யத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியிருந்தாலும் திங்கள் காலை அதே மைனஸ் 46தான், அதே கல்தான். நிறைந்திருக்கும் ஃப்ரீசர் மெதுவாகத்தான் சூடேறும். எங்களுடையது பாதி காலி. வட்டத்தாளில் பேனா கோடு போட்டுக்கொண்டே வரும் ரெக்கார்டர் அதில் உண்டு. தாள் தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தது. வாங்கித் தரச் சொல்லி இண்டென்ட் போட்டேன், வரவில்லை. அதில் என் தவறு இல்லை என்று பல முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த டியூபில் இருந்தது ஆட்டின் முதல் வயிற்று நீர். கருவேல நெற்று தின்னும் ஆட்டுக்கு வயிற்றில் மீத்தேன் குறைகிறதா, அங்கிருக்கும் பாக்டீரியாக் கூட்டம் எப்படி மாறுகிறது என்பது அவளுடைய ஆய்வு. 24 ஆடுகள், பாதிக்கு நெற்று கலந்த தீவனம், பாதிக்குக் கடலைக்கொடி மட்டும். 60 நாளில் 4 முறை வாய் வழியாக ட்யூப் விட்டு நீர் எடுத்தோம், மஸ்லின் துணியை நாலாக மடித்து வடிகட்டினோம். மொத்தம் 96 சாம்பிள். அந்த நீரில் 1 மில்லிக்கு ஆயிரம் கோடி அளவில் பாக்டீரியா உண்டு. அவற்றில் பாக்டீராய்டீட்ஸ் வகைக்குச் சுவர் மெல்லியது. (2021இல் பெயரை பாக்டீராய்டோட்டா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் பழையதுதான்.) உருகி மறுபடி உறைந்தால் முதலில் உடைவது அதுதான். உடைந்தால் டிஎன்ஏ நீரில் கலந்துவிடும். டிஎன்ஏ பிரிக்க நாங்கள் முதல் வேலையாக டியூபை மெஷினில் சுழற்றி, செல்களை அடியில் படியவைத்து, மேல்நீரைக் கொட்டிவிடுவோம். போனது சிங்க்கில் போயிற்று. தடித்த சுவர் உள்ள ஃபர்மிக்யூட்ஸ் என்ற இன்னொரு வகை தப்பித்து நிற்கும்.

ஒரு பெட்டியில் 9க்கு 9, 81 டியூப். மிச்சம் 15 இன்னொரு பெட்டியில், மேல் தட்டில். வெளிச்சூடு முதலில் தாக்கும் இடம் அது. நான் நம்பர் போட்ட வரிசைப்படி அந்த 15இல் 12, கடைசி நாளில் நெற்று தின்ற ஆடுகளுடையவை. அவள் முடிவு என்ன தெரியுமா? நெற்று தின்ற ஆடுகளில் பாக்டீராய்டீட்ஸ் குறைகிறது, கடைசி நாளில் அதிகமாகக் குறைகிறது. நெற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அப்படிச் செய்யக்கூடியதுதான். முடிவு உண்மையாகவே இருக்கலாம். ஃப்ரீசர் செய்த வேலையாகவும் இருக்கலாம்.

அந்த மேல் தட்டில் ஐஸ் படிந்து பெட்டி சரிந்துதான் உட்கார்ந்திருந்தது. அந்த மட்டும் நான் சொன்னது நிஜம். சாம்பிள் எடுத்த அன்றே டியூப்களை நேராகப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அவை சாய்ந்துதான் உறைந்திருக்கும். ஆனால் எங்கள் முறை அது இல்லை. முதலில் திரவ நைட்ரஜனில் முக்கி உறையவைப்போம். கம்பியில் செருகி நிமிர்த்தி முக்குவதால் மட்டம் நேராகத்தான் உறையும். சினை ஊசிக்கான விந்தை உறைநிலையில் வைக்க வரும் நைட்ரஜனில்தான் எங்களுக்கும் பங்கு, வராத நாளும் உண்டு. 60ஆம் நாள் வந்ததா? என் நோட்டில் நைட்ரஜன் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது. நான்கு நாளுக்கும் இருக்கிறது, நான்கும் ஒரே பேனா. அன்றன்று போட்டேனா, கடைசியில் உட்கார்ந்து மொத்தமாகப் போட்டேனா, நினைவில்லை.

நோட்டு உண்மையென்றால் அந்த டியூப் உருகியிருக்கிறது. அவளுக்கு நான் சொன்ன பதில் உண்மையென்றால் நோட்டு பொய். இரண்டும் நான் செய்ததுதான்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நாள் கணக்குப் போடுவேன். அவளுடைய உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிந்தது. நெற்று கிடைக்கும் பருவம் போயிருந்தது. ஆடுகளை விற்றாகிவிட்டது. திரும்பச் செய்ய வழியே இல்லை. வழியில்லாததைச் சொல்லி ஒரு பெண்ணை ஏன் கலங்கடிக்க வேண்டும்? இந்த நியாயம் கொஞ்ச நேரம்தான் தாங்குகிறது. திரும்பச் செய்ய வேண்டியதில்லையே. அந்த 15ஐ விலக்கிக் கணக்குப் பார்த்திருக்கலாம், ஆய்வேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அது அவள் எடுக்க வேண்டிய முடிவு. கேட்டவளும் அவள்தான்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. அவள் கேட்ட பிறகு மீதி 14 டியூப் அந்தப் பெட்டியிலேயே இருந்தன. நிமிர்த்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. மறுநாள் அவள் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து உருக ஐஸில் வைத்துவிட்டேன். அவள் வேலையைச் சுலபமாக்கத்தான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது அவள் வேறு ஊரில் உதவிப் பேராசிரியர். பொங்கலுக்குப் போன் செய்வாள். "அக்கா, நீங்க இல்லேன்னா என் தீசிஸ் இல்ல" என்பாள். பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்பாள், நானும் சொல்வேன்.

போன மாதம் பழைய சாம்பிள்களை அப்புறப்படுத்தச் சொல்லி சுற்றறிக்கை வந்தது. அவளுடைய டிஎன்ஏ பெட்டி இன்னும் இருக்கிறது, 82லிருந்து 96 வரை அவள் கையெழுத்திலேயே. பட்டியலில் அதற்கு நேராக "வைத்திருக்கவும்" என்று எழுதினேன். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாகவே விட்டுக் கொடுத்தேன்.