குன்னூரிலிருந்து ஹட் பே வரை: மூட்டை கட்டிய கதை

லிட்டில் அந்தமானுக்கு ஹெலிகாப்டர் உண்டு. ஆனால் அதில் தீவுக்காரர்களுக்கும் அவசர நோயாளிகளுக்கும்தான் முதலிடம். நம்மைப் போல முதுகுப்பையோடு போகிறவர்களுக்குக் கப்பல்தான் வழி. போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) லிட்டில் அந்தமானின் துறைமுகமான ஹட் பே தெற்கே சுமார் 120 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். அந்தக் கப்பலுக்கான டிக்கெட் புறப்படுவதற்கு மூன்று நாலு நாள் முன்னால்தான் விற்பனைக்கு வரும். கடல் ஒத்துழைக்காவிட்டால் நேரமும் மாறும், நாளும் மாறும். ரயிலையும் விமானத்தையும் மாதக்கணக்கில் முன்பே போட்டுவிட வேண்டிய குன்னூர்க்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. எங்கள் சாப்பாட்டுக் கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் போட்டோம்.

முதலில் மாதம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது இரண்டு பக்கமும் அடி விழும். இங்கே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பர்லியார் பாதையில் மண் சரியும்; அங்கே வங்கக்கடலில் புயல் வந்தால் கப்பல் நிற்கும். அதனால் பிப்ரவரி என்று முடிவு செய்தோம். மேட்டுப்பாளையம் வரை பஸ், இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், காலையில் சென்ட்ரல், ஒரு ராத்திரி சென்னையில் தங்கல், மறுநாள் விமானம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம்தான். கப்பலில் மூன்று நாள் ஆகும். என் மச்சினனுக்குக் கப்பல் ஆசை. "மாமா, கப்பல்ல போனா கேஸ் அடுப்பைத் தூக்கிட்டுப் போயிடலாம்ல?" என்றான். அந்தக் கப்பல் மாதத்தில் சில தடவைதான் கிளம்புகிறது. லீவு எண்ணிப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது.

விமானம் என்று ஆனதும் அடுப்புப் பேச்சு முடிந்தது. கேஸ் குப்பியைக் கைப்பையிலும் விடமாட்டார்கள், பெரிய பையிலும் விடமாட்டார்கள். தீப்பெட்டிக்கும் அதே கதி. கொப்பரைத் தேங்காயும் கூடாது என்பது பலருக்குத் தெரியாது; அதில் இருக்கும் எண்ணெயால் எளிதில் தீப்பிடிக்கும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் பெரிய பைக்குப் போக வேண்டும். தீவிலும் அனுமதியில்லாமல் கடற்கரையில் கூடாரம் போடவோ தீ மூட்டவோ முடியாது. சரி, லாட்ஜில் தங்கி, பகலெல்லாம் நடந்து, ஒரு மின்கெட்டிலை மட்டும் நம்பிச் சாப்பிடுவது என்று தீர்மானித்தோம்.

அப்புறம் ஆரம்பித்தது வீட்டுச் சோதனை. இதில் மலையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், கடல் மட்டத்தில் 100. கெட்டில் வெந்நீரை ஊற்றி மூடி வைத்த சேமியா எங்கள் சமையலறையில் நறுக்கென்று இருந்தது. அங்கே போனால் அதே நேரத்தில் பதமாகிவிடும் என்று கணக்குப் போட்டோம், அப்படியே ஆனது. அதனால் இங்கே தோற்றதையெல்லாம் தள்ளிவிட வேண்டியதில்லை.

கெட்டுப்போகும் விஷயத்தில் நிலைமை நேர் எதிர். எங்கள் வீட்டுக் குளிரில் எதுவும் வாரக்கணக்கில் நன்றாகவே இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டலம் கட்டி மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அத்தை போன் செய்தார்: "வர்க்கி நமுத்துப்போச்சு கண்ணு. தேங்காப்பொடி சிக்கு வாடை அடிக்குது, அதைக் கொண்டுபோகாத." மேட்டுப்பாளையத்திலேயே இப்படி என்றால் தீவின் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். தேறியவை கெட்டி அவல், வறுத்து அரைத்த சத்துமாவு, பருப்புப்பொடி, நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், கடலை மிட்டாய், பேரீச்சை. இவற்றில் அவல்தான் ராஜா. மின்சாரம் போனாலும் பச்சைத் தண்ணீரில் ஊறும்.

மத்தியானச் சாப்பாட்டை ஹட் பே மெஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் உலர் உணவு எடுத்துக்கொண்டோம். 15 கிலோ லக்கேஜுக்குள் துணிமணியும் அடங்கியாக வேண்டுமே. உணவை இரண்டாகப் பிரித்தோம். ஒன்று தினப்பை. இன்னொன்றுக்கு மச்சினன் வைத்த பெயர் கப்பல் பை. திரும்பும் கப்பல் தள்ளிப்போனால் தவிர அதைத் தொடக்கூடாது. அதில் ஆளுக்கு இரண்டு நாள் அவலும் சத்துமாவும், கொஞ்சம் பணமும். அரிசி, வெங்காயம், பழம் எதையும் மலையிலிருந்து சுமக்கவில்லை. போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் எல்லாமே கிடைக்கிறது, தமிழிலேயே பேரம் பேசலாம்.

இங்கே ஒரு சின்ன விலகல். எங்கள் பக்கத்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் இருப்பவர்கள் பலர் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். அதே போல வந்த சிலரை நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். போய்ப் பார்க்க ஆசைதான். ஆனால் நிக்கோபார் தீவுகள் சுற்றுலாவுக்குத் திறந்ததில்லை.

தீவில் நடையைத் திட்டமிடும்போது கடிகாரத்தை நம்பக்கூடாது. இந்திய நேரப்படி அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பட்லர் பே கடற்கரை ஹட் பேயிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர். போகும்போது நடந்தோம், வரும்போது பஸ் பிடித்தோம். விடிவதற்கு முன்பே அவலை ஊறவைத்துக் கிளம்பிவிடுவோம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஓடைகளிலும் கழிமுகங்களிலும் முதலை உண்டு, உள்ளூர்க்காரர்களைக் கேட்காமல் இறங்க வேண்டாம். வடக்கே டுகாங் க்ரீக் பக்கம் ஓங்கி பழங்குடி மக்களின் காப்பிடம். அங்கே போவதும் அவர்களைப் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம், அந்தத் திசையில் வழி கேட்கவே வேண்டியதில்லை.

திரும்பும் கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனது. அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து கப்பல் பையைத் திறந்தோம். லாட்ஜ் அக்கா கொடுத்த வாழைப்பழத்தோடு அவல், ராத்திரிக்குப் புளிக்காய்ச்சல் பிசைந்த சாதம். கப்பல் வரவேண்டிய நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் இரண்டு நாள் விட்டிருந்தோம். அதனால் டிக்கெட் எதையும் மாற்றாமலே சென்ட்ரலில் வந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம்.