டோக்கமாக்கில் வெப்பநிலை அளப்பது: வேலைக் குறிப்புகள்

மார்ச் 3

டோக்கமாக் என்பது பிளாஸ்மாவை, அதாவது மிகச் சூடான மின்னேற்ற வாயுவை, காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் இயந்திரம். அதன் சுவரில் பதித்த கிராஃபைட் ஓடுகளுக்குள் இருக்கும் தெர்மோகப்பிள்களுக்கு (இரண்டு வேறு உலோகக் கம்பிகளை முனையில் சேர்த்து, வெப்பத்தைச் சிறு மின்னழுத்தமாக்கும் உணரி) அளக்கும் புது மின்சுற்றுப் போர்டு வரைய ஆரம்பித்தாயிற்று. பழைய பெட்டி தந்த கோட்டைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பிளாஸ்மா எழும் கணத்தில் வெப்பநிலை தடாலென்று விழுகிறது, உடனே எகிறுகிறது, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்கும் கிராஃபைட் ஒரு மில்லிவினாடிக்குள் குளிர்ந்து சூடாக வழியே இல்லை.

மார்ச் 4

கணக்கு சின்னதுதான். இப்போது இருக்கும் கே (K) வகைத் தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். இரண்டு கம்பிக்கும் நடுவே 1 சதுர சென்டிமீட்டர் இடைவெளி திறந்து கிடந்து, காந்தப்புலம் வினாடிக்கு 1 டெஸ்லா வேகத்தில் மாறினால் 100 மைக்ரோவோல்ட் தூண்டப்படும். அதாவது, இல்லாத இரண்டரை டிகிரி. பிளாஸ்மா திடீரென்று முறியும்போது மாறும் வேகம் இதைவிடப் பல மடங்கு.

வழியெல்லாம் முறுக்கிக்கொண்டு வரும் கம்பி டெர்மினலுக்குக் கொஞ்சம் முன்னால் பிரிந்து ஆளுக்கொரு ஸ்க்ரூவுக்குப் போகிறது. காந்தப்புலத்தைப் பிடிக்கும் வளையம் அங்கேதான். ஸ்க்ரூ வரை முறுக்கச் சொல்ல வேண்டும்.

"நிறைய ஷாட்டை எடுத்துச் சராசரி பார்த்தால் போய்விடாதா?" என்று குழுவின் இளையவர் கேட்டார். (ஷாட் என்றால் பிளாஸ்மாவை ஒருமுறை எழுப்பி ஓட்டுவது.) தற்செயலான இரைச்சல் என்றால் போகும். இது ஒவ்வொரு ஷாட்டிலும் அதே நேரத்தில், அதே திசையில் வருகிறது. சராசரி எடுத்தால் பொய் இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

மார்ச் 7

கிரவுண்ட். தெர்மோகப்பிளின் முனை சுவர் ஓட்டின்மேல் படுகிறது, ஓடு பிளாஸ்மா இருக்கும் உலோகக் கலத்தோடு சேர்ந்திருக்கிறது, ஷாட்டின்போது கலத்தின் மின்னழுத்தம் நம் அறையின் கிரவுண்டோடு ஒத்துப்போகாது. ஒவ்வொரு சேனலையும் மின்தொடர்பில்லாமல் தனித்தனியாகத் தனிமைப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அப்படித் தனிமைப்படுத்திய சேனலுக்கு மின்சாரம் தரும் சின்ன பவர் மாட்யூலுக்குள் ஒரு ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் கோர் காந்தத்தால் நிரம்பி (செறிவடைந்து) மாட்யூல் படுத்துவிடும். அதனால் பெட்டி தள்ளித்தான் இருக்கும், கேபிள் நீளும். இதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

மார்ச் 9

இன்று முழுக்க ரேடியோ அலை. அயனிகளைச் சூடாக்கும் ஆன்டெனா பல பத்து மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஆம்ப்ளிஃபையரால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது, ஆகவே பிரச்சினை இல்லை என்று தோன்றும். நடப்பது வேறு. முதல் டிரான்சிஸ்டரே டயோடு போல அலையை நேராக்கி, நிலையான ஒரு மின்னழுத்தமாக மாற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த ஃபில்டராலும் அதை உண்மையான வெப்பத்திலிருந்து பிரிக்க முடியாது.

மேசையில் சோதித்தேன். உள்ளீட்டின் இரு முனைகளையும் செப்புக் கம்பியால் ஷார்ட் செய்துவிட்டு, கேபிள்மீது 40 மெகாஹெர்ட்ஸை வினாடிக்கொருமுறை போட்டு நிறுத்தினேன். அளவு அதே தாளத்தில் ஏறி இறங்கியது. செப்புத் துண்டுக்குக் காய்ச்சல்!

ஆகவே ஃபில்டர் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால். ஒவ்வொரு கம்பியிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெப்பாசிட்டர். கிரவுண்டுக்குப் போகும் இரண்டு கெப்பாசிட்டர்களும் துல்லியமாக ஒத்திராவிட்டால் இரண்டு கம்பியிலும் ஒன்றுபோல வரும் இரைச்சல் கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசமாக மாறி உள்ளே நுழையும். அதனால் கம்பிகளுக்கு இடையே அவற்றைப்போல் பத்து மடங்கு பெரிய கெப்பாசிட்டர். ரெசிஸ்டர்களின் சொந்த இரைச்சலோ, 1 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் அரை மைக்ரோவோல்ட்கூட வராது.

மார்ச் 12

கே வகையின் இரண்டு கம்பிகளில் ஒன்றான அலுமெல் (நிக்கல் கலவை) காந்தத்தன்மை உள்ளது. வலுவான புலத்தில் அதன் கணக்கே லேசாக நகரும். புது ஓடுகளுக்கு 'N' வகைத் தெர்மோகப்பிள். சிக்னல் குறைவுதான், பரவாயில்லை.

மார்ச் 14

ஒவ்வொரு கனெக்டரிலும் ஒரு சேனலைப் பலிகொடுக்கச் சொன்னேன். அதே வழியில் ஒரு ஜோடி போகும், ஆனால் இரண்டும் ஒரே உலோகம். வெப்பத்தால் மின்னழுத்தம் பிறக்காது, அதில் தெரிவது எல்லாமே திருட்டு சிக்னல். "ஒரு அளவு வீணாகிறதே" என்று முணுமுணுப்பு. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு சரி என்றார்கள். அதன்மேல் 'வெப்பநிலை அல்ல' என்று லேபிள் ஒட்டச் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் யாராவது அதையும் டிகிரியில் வரைந்துவிடுவார்கள்.