ஒருவழியாக கிளாம்ப் தெரிந்தது: ஏர்லியெல்லாவில் மூன்று வகை இழைகள்

மாமரக் கட்டையில் வளர்ந்த ஏர்லியெல்லா ஸ்காப்ரோசா என்ற மரக்காளானின் உடலை ஆக்கும் மூன்று வகை நுண்ணிழைகளையும் ஒரே ஸ்லைடில் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். கிளாம்ப், அதாவது இழையின் குறுக்குச் சுவரைத் தாண்டிப் பக்கத்தில் வளையும் சிறு இணைப்பு, அதையும் சேர்த்து! மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இது ஒன்றுக்காகத்தான் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஏர்லியெல்லாவைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான். அடியிலிருந்து பரவும் அந்தச் செந்நிறமும் வெள்ளை விளிம்பும் வேறெதிலும் அவ்வளவு எடுப்பாக இருக்காது. ஆனால் அடிப்பக்கத் துளைகளின் வடிவத்தை நம்பினால் இது ஆளைக் குழப்பிவிடும். என் கட்டையிலேயே ஓரிடத்தில் துளைகள் வட்டமாக இருக்கின்றன, இன்னோரிடத்தில் நீண்டு வளைந்து பிளவுகளாகக் கிடக்கின்றன. 1827இல் காளான் அறிஞர் பெர்சூன் இதைப் பாலிபோரஸ் என்றார். பழைய நூல்களில் டிராமெடிஸ் கொருகேட்டா என்ற பெயரிலும் இதுவே வரும். ஏர்லியெல்லா என்ற பேரினத்தை மர்ரில் 1905இல் உருவாக்கியிருந்தும், இன்றைய பெயர் நிலைத்தது 1985இல் கில்பர்ட்சனும் ரைவார்டனும் இதை அங்கே கொண்டுபோய் வைத்த பிறகுதான். அடிப்பக்கத்தில் துளை இருந்தாலே பாலிபோரஸ் என்று போட்ட காலத்தின் சிக்கலை இன்னும் அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதை அவிழ்க்க வழி காட்டியவர் தாவரவியலாளர் கார்னர். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்தபோது, 1932இல், மைக்ரோபோரஸ் சாந்தோபஸை இழை இழையாகப் பிரித்து, ஒரு வகை இழை இருந்தால் மோனோமிட்டிக், இரண்டு வகை என்றால் டைமிட்டிக், மூன்று வகை என்றால் டிரைமிட்டிக் என்ற முறையை வகுத்தார். அந்த மஞ்சள் கால் காளான் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. மரக்காளான் வகைப்பாட்டின் இவ்வளவு பெரிய திருப்பம் நம் வெப்பமண்டலக் காளான் ஒன்றிலிருந்து கிளம்பியது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கெலிட்டல், அதாவது உடலைத் தாங்கும் இழைகளைப் பார்ப்பதில் கஷ்டமே இல்லை. தடித்த சுவர், கிளையில்லாத நீளம், எங்கே வெட்டினாலும் கிடைக்கும். மற்றவற்றைப் பிணைக்கும் பைண்டிங் இழைகளும் குட்டையாக, தாறுமாறாகக் கிளைத்து, தேடினால் அகப்படும். மற்ற இரண்டையும் உருவாக்கும் ஜெனரேட்டிவ் இழைதான் உயிரை வாங்கும். சுவர் மெல்லியது. முதிர்ந்த பகுதியில் அது சுருங்கி, மற்ற இரண்டுக்கும் நடுவில் நசுங்கிப்போயிருக்கும். கிளாம்ப் இருப்பதோ அதில் மட்டும்தான்.

எனக்குப் பலன் கொடுத்த முறை இதுதான். வளர்ந்துகொண்டிருக்கும் வெள்ளை விளிம்பிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், அதுவும் அரிசி நொய் அளவுக்கு. முதலில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் காற்றுக் குமிழ்கள் ஓடிவிடும். அப்புறம் 5% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. சில நிமிடங்களில் காய்ந்த இழைகள் உப்பி எழும். அதிகப்படியை வடிதாளால் உறிஞ்சிவிட்டு ஃப்ளாக்சின் விடுங்கள். ஃப்ளாக்சின் செல்லின் உள்ளடக்கத்தில் ஏறும் சாயம். அதனால் உள்ளே புரோட்டோபிளாசம் நிறைந்த ஜெனரேட்டிவ் இழை மட்டும் ரோஜா நிறமாகும், உள்வெளி ஏறக்குறைய அடைபட்ட ஸ்கெலிட்டல் இழை நிறமில்லாமல் நிற்கும். இந்த நிற வேறுபாடு இல்லாமல் தேடுவது கண்ணுக்குத் தண்டனை.

இதற்குப் பிறகு வருவதுதான் கடினம்: பிரித்தல். பிளேடால் எவ்வளவு மெல்லியதாகச் சீவினாலும் இழைகள் துண்டாகித்தான் கிடைக்கும், எது எதனோடு சேர்ந்தது என்று தெரியாது. இரண்டு இன்சுலின் ஊசிகளை எடுத்து, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, விளிம்பை நோக்கிய திசையிலேயே மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். குறுக்கே இழுத்தால் அறுந்துவிடும். பஞ்சு மாதிரி பரவியதும் கவர் ஸ்லிப் போட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒரே ஒரு தட்டு. அழுத்தித் தேய்க்கவே கூடாது. எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கு பெருக்கத்தில், ரோஜா நிற இழையின் குறுக்குச் சுவருக்குப் பக்கத்தில் அண்டாவின் காது போல ஒரு சின்ன வளைவு. அதுதான் கிளாம்ப். ஒன்று கண்ணில் பட்டதும் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தன. இவ்வளவு சுத்தமான ஸ்லைடை நான் இதுவரை செய்ததில்லை, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பற்றி ஒரு வார்த்தை. ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் சின்ன அளவில் தரவே மாட்டேன் என்றார்கள். திரவ சோப்பு செய்பவர்கள் வாங்கும் இடத்தில் செதில்களாகக் கிடைத்தது, விலையும் குறைவு. காற்றுப் படாமல் இறுக மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தை இழுத்துக் குழம்பாகிவிடும். கைபட்டால் புண்ணாகும், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அயோடின் கலந்த மெல்சர் கரைசலுக்கு வேண்டிய குளோரல் ஹைட்ரேட் இன்னும் கிடைத்தபாடில்லை.

இதே கரைசலில் ஒரு சொட்டைப் புங்க மரத்துக் குளம்புக் காளானின் சதையிலும் விட்டேன். உடனே கறுத்தது. இப்படிக் கறுப்பது ஹைமினோகீட்டேசி குடும்பத்தின் அடையாளம், ஆக அதிலுள்ள பெல்லினஸ் பேரினத்தின் பக்கம் தேட வேண்டும். அந்தக் குடும்பத்திலேயே கிளாம்ப் கிடையாது என்பதால் ஊசி வேலை மிச்சம்.

அழுகலின் நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம் என்று நினைக்கும் நண்பர்களுக்கு: அதில் குடும்பம் தெரியாது. என் மாங்கட்டை வெளுத்து நார் நாராகப் பிரிகிறது, வெள்ளை அழுகல். புங்க மரத்துக் காளான் வேறொரு வரிசையை (குடும்பங்களுக்கு மேலுள்ள பெரும்பிரிவு) சேர்ந்தது, அதுவும் வெள்ளை அழுகல்தான். மரம் பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடிக்கும் பழுப்பு அழுகலிலும் இதே கதை. குளோயியோபில்லம் ஒரு வரிசை, ஃபோமிடாப்சிஸ் இன்னொன்று, செர்புலாவோ தரையில் குடை விரிக்கும் பொலீட்டஸின் உறவு. வெள்ளை அழுகல் மூதாதைகளிலிருந்து பழுப்பு அழுகல் பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. பழுப்பு அழுகல் காளான்கள் பெரும்பாலும் ஊசியிலை மரங்களையே நாடுவதால், பார்சலோடு வந்த பைன் பலகை ஒன்றை மாடியில் நனையப் போட்டு வைத்திருக்கிறேன். கனசதுரமாக வெடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன் அழுகல் வகையைக் கண்டறியும் பாவென்டாம் சோதனையையும் செய்தாக வேண்டும். அவர் 1928இல் சொன்னபடி டானிக் அமிலம் கலந்த அகாரில் வளர்த்தால், வெள்ளை அழுகல் காளானைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும். டானிக் அமிலம் வந்துவிட்டது, மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டுக்குக் காத்திருக்கிறேன். ஏர்லியெல்லாவின் ஸ்போர் மட்டும் இன்னும் அகப்படவில்லை. அடுத்த மழையில் புதிதாக விரியும் மடலைக் கறுப்புத் தாளின் மேல் இரவு முழுக்க வைத்துப் பார்க்கிறேன்.