கேன்சர் டெஸ்டுக்கு பிளாக் வாங்கப் போறீங்களா? எந்த பிளாக்னு பாத்து வாங்குங்க

அம்மாவுக்கு சினைப்பை கேன்சர். ஆபரேஷன் தஞ்சாவூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில முடிஞ்சுது, கீமோவும் ஓடுது, அதுல ஒண்ணும் குறையில்ல. சென்னை டாக்டர் "கட்டியோட மெழுகு பிளாக்கை (ஆபரேஷன்ல எடுத்த துண்டை மெழுகுல பதிச்சு வெச்சிருப்பாங்க, அது) கொண்டாங்க, எம்எம்ஆர் டெஸ்ட் (செல்லுல டிஎன்ஏ பிழையைத் திருத்துற புரதம் இருக்கான்னு பாக்குறது) பண்ணணும், கட்டிக்குள்ள சிடி8 டி செல், அதாவது கேன்சர் செல்லைக் கொல்லுற எதிர்ப்பு செல், எவ்ளோ இருக்குன்னும் பாத்துரலாம்"னு சொன்னாரு பாருங்க, அங்க புடிச்சுது ஏழரை.

லேப் கவுன்டர்ல இருந்தவரு நிமிந்துகூட பாக்கல, "பிளாக்லாம் தரமாட்டோம், ஸ்லைடு வேணா வாங்கிக்க". அம்மா கையெழுத்து போட்ட லெட்டர் குடுத்தா ஆதார் எங்கங்கறாரு, ஆதார் குடுத்தா மேடம் சாப்புட போயிட்டாங்க நாளைக்கு வாங்கறாரு. கடைசியில ஒரே ஒரு பிளாக்கை மருந்து கவர்ல போட்டு நீட்டுனாங்க. ரயில்ல ராவெல்லாம் அதை மடியிலயே வெச்சுக்கிட்டு போயி குடுத்தா, சென்னை லேப்ல சீவிப் பாத்துட்டு "தம்பி, இதுல கட்டியே இல்ல, இது கர்ப்பப்பை வாய்"ங்கறாங்க! பிளாக் ஓரத்துல பென்சில்ல 'ஜி'ன்னு இருக்கு, எந்த எழுத்து எந்த பாகம்னு பயாப்சி ரிப்போர்ட்லயே அச்சடிச்சிருக்கு, அந்தாளு அதைப் பொரட்டிப் பாத்திருந்தா ஆச்சு.

அதனால கவுன்டர்ல மல்லுக்கட்டாதீங்க, நேரா பேத்தாலஜி டாக்டர்ட்ட (திசுவைப் பாத்து ரிப்போர்ட் எழுதுறவங்க) போங்க. நான் மறுபடி போனப்ப அந்த டாக்டரம்மா மைக்ராஸ்கோப்ல ஸ்லைடை வெச்சுப் பாத்து, கட்டி நெறைய இருக்குற பிளாக்கை அவங்களே எடுத்துக் குடுத்தாங்க, கால் மணி நேர வேலை. நம்ம ஊர் வெயில்ல பிளாக்கை கார்ல விட்டுட்டு போயிராதீங்க, மெழுகு. டெஸ்ட் முடிஞ்சா மறக்காம திருப்பி வாங்கிருங்க, பின்னாடி வேற டெஸ்டுக்கு அதான் வேணும்.

ரிசல்ட்ல கட்டிக்குள்ளயே டி செல் நல்லா புகுந்திருக்குன்னு வந்துச்சு. டாக்டர் 2003ல வந்த ஒரு ஆய்வை சொன்னாரு: நோய் முத்துன 186 பேர்ல, கட்டிக்குள்ள டி செல் இருந்தவங்க அஞ்சு வருசம் தாண்டுனது 38 சதவீதம், இல்லாதவங்க 4.5 தான். கேட்டதும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு. உடனே அவரே "இதை வெச்சு இப்ப மருந்தை மாத்த மாட்டோம், கட்டி அந்த செல்லை மயக்கிப் போட வழி வெச்சிருக்கும், அந்த செல்லை அடக்குற இன்னொரு வகை டி செல்லும் அங்கயே இருக்கும்"னாரு. எம்எம்ஆர் நார்மல், அதனால அந்த வழியா இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டி விடுற மருந்து) இப்போதைக்கு இல்ல, கீமோ அப்புடியே தொடரும்.

இது தெரிஞ்சதும் கும்மோணத்துல சொந்தக்காரர் ஒருத்தர் டி செல் ஏறும்னு ஒரு பவுடர் டப்பாவோட வந்து நின்னாரு. ரத்தத்துல எவ்ளோ ஏறுனா என்ன, கட்டிக்குள்ள போயி வேலை பாக்கணும்ல மாமான்னேன். டப்பாவை அவரே எடுத்துட்டு போயிட்டாரு.