நானூறின் மடங்கு

"பதற்றம்னு நான் சொல்லலையே, மேடம்."

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாலை ஐந்தே காலுக்கு, சாத்தப்பட்ட என் அறைக்குள் எங்கள் கிளையின் தலைமைக் காசாளர் இதைச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. மனத்தாங்கல் என்றும் சொல்ல முடியாது. வாக்குமூலத்தில் தவறாகப் பதிவாகிவிட்ட ஒரு சொல்லைச் சாட்சி பணிவாகத் திருத்துவது போல் இருந்தது. அவருக்கு அப்போது ஐம்பத்தேழு வயது, முப்பத்தொரு ஆண்டு சர்வீஸ். எனக்கு நாற்பத்து நான்கு. கிளை மேலாளராகப் பொறுப்பேற்று பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் என்னை மேடம் என்பார். நான் அவரைச் சார் என்பேன். அதற்கு முந்தைய பத்து நாட்களில் இரண்டு முறை அவருடைய கேஷ் டேலி ஆகவில்லை. முதல் முறை 1,600 ரூபாய் குறைந்தது, அடுத்த முறை 2,800. இரண்டையும் வழக்கப்படி அன்றன்றே தன் கையிலிருந்து கட்டிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் பெட்டகத்தைப் பூட்ட என்னோடு வந்தார்.

அன்று மாலை அவர் வந்து கேட்டது மிக எளிய விஷயம். "முன்ன மாதிரி கை ஓட மாட்டேங்குது, மேடம். கொஞ்ச நாளைக்கு வேற சீட் குடுத்தா நல்லாயிருக்கும்."

அந்த வாரத்துக்கு முந்தைய வாரம்தான் உணர்வுசார் நுண்ணறிவு பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்தது விளங்காது. உளவியலாளர்கள் சலோவியும் மேயரும் 1990-இல் ஓர் ஆய்விதழில் எழுதியதையும், டேனியல் கோல்மன் 1995-இல் அதை ஊரறியச் செய்ததையும் முதல் நாள் காலையிலேயே சொல்லி முடித்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் 'கூர்ந்து கேட்டல்' என்ற பயிற்சியைச் செய்ய வைத்தார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதை நம் சொற்களில் அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லுக்குள் இருக்கும் உணர்ச்சிக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். உடனே தீர்வு சொல்லக் கூடாது. இருவர் இருவராக உட்கார்ந்து இதைப் பழகினோம். என்னோடு சேர்ந்த மேலாளர், மாமியாருடன் இருந்த ஒரு பழைய சண்டையைச் சொல்லிக் கொஞ்சம் அழுதார். எனக்கு அது உண்மையிலேயே பெரிதாகப் பட்டது. இருபது ஆண்டுகளாகக் கவுன்ட்டருக்கு அப்பாலிருந்து மனிதர்களைப் பார்த்தும் கேட்கத் தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆகவே கதவைச் சாத்தினேன். அவரை உட்காரச் சொன்னேன். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு, "இந்த ஷார்ட்டேஜ் வந்ததிலிருந்து உங்களுக்குப் பதற்றமா இருக்குன்னு சொல்றீங்க, இல்லையா சார்?" என்று கேட்டேன்.

அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது. நான் விடவில்லை. "இந்தப் பொறுப்பே ஒரு பாரமாத் தோணுது, அப்படித்தானே?" என்றேன். அவர் மேசையிலிருந்த முத்திரைப் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார். "முப்பத்தொரு வருஷமாப் பாக்குறேன். பாரம்னு சொல்லக் கூடாது, மேடம்." பயிற்சியில் மௌனத்தை நிரப்பக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நானும் பேசாமல் இருந்தேன். அரை நிமிடம் கழித்து, "சரி மேடம், நான் பாத்துக்குறேன்" என்று எழுந்து போனார். அவர் கேட்ட கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லவில்லை. அது எனக்கு அன்று உறைக்கவே இல்லை. நல்ல உரையாடல் ஒன்று நடந்ததாகவே வீட்டுக்குப் போனேன்.

இந்த இரண்டு மூன்று வாக்கியங்களை எத்தனை முறை திரும்ப ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இப்போது முதலில் உறுத்துவது அந்தச் 'சொல்றீங்க'. ஆங்கிலத்தில் மெத்தென்று விழுகிற ஒரு வாக்கியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் அதற்கு முள் முளைத்துவிடுகிறது. ஒருவர் சொன்னதை எடுத்து '...ன்னு சொல்றீங்க' என்று அவரிடமே நீட்டுவது நம் பேச்சில் இரண்டே இடங்களில்தான் நடக்கும்: ஒன்று குத்திக்காட்டும்போது, இன்னொன்று விசாரணையில். வங்கியில் முப்பது ஆண்டு இருந்தவருக்கு இரண்டாவது இடம் நன்றாகத் தெரியும். மூடிய கதவு, உட்காரச் சொன்ன நாற்காலி, கவிழ்த்த கைபேசி, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் அதிகாரி. அன்பு காட்டுவதற்காக நான் ஒவ்வொன்றாக அடுக்கியது துறை விசாரணையின் அரங்கத்தை.

அடுத்தது 'கை ஓட மாட்டேங்குது'. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பது நமக்குப் பதற்றத்தைச் சொல்லும் வழக்கு; எனவே நான் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டது அத்தனை பெரிய பிழையா என்று எனக்கு நானே வாதாடுவதுண்டு. நாம் உணர்ச்சிகளை உடம்பின் மீது ஏற்றித்தான் சொல்கிறோம். வயிற்றைக் கலக்குகிறது, நெஞ்சை அடைக்கிறது, தலை கனக்கிறது என்கிறோமே தவிர, 'நான் கவலையாக உணர்கிறேன்' என்று எந்தக் கவுன்ட்டரிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உடம்பைச் சொன்னால் மனதைக் கேட்க வேண்டும் என்று பழகிய காதுக்கு, ஒருவர் உடம்பைச் சொல்லும்போது உடம்பையே சொல்லியிருக்கலாம் என்பது தோன்றாமல் போயிற்று.

சீட் மாற்றாததற்குக் காரணங்கள் இருந்தன. இன்றும் அவற்றைப் பொய் என்று சொல்ல மாட்டேன். கிளையில் மொத்தம் ஐந்து பேர். இன்னொரு கிளார்க் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்த பெண். பெட்டகச் சாவி இரண்டில் ஒன்று எங்களில் ஓர் அதிகாரியிடமும் மற்றொன்று காசாளரிடமும் இருக்கும். அதை எட்டு மாதக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு ஓய்வூதியர்கள் வரிசை கட்டும் முதல் வாரத்தை ஓட்டிவிடலாம் என்று நினைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. மண்டல அலுவலகத்தில் டெபுடேஷனுக்கு, அதாவது தற்காலிகமாக, ஓர் ஆள் கேட்டிருக்கலாம். அந்தக் காலாண்டில் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தேன். மறுபடி கேட்டால் ஆள் நடத்தத் தெரியாதவள் என்ற பெயர் வரும் என்ற பயமும் இருந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். ஆக, கொடுக்க என்னிடம் சீட் இல்லை; கேட்பதற்குக் காது இருந்தது. இல்லாததற்குப் பதிலாக இருந்ததைக் கொடுத்தேன். அதை அப்போது கருணை என்று நம்பினேன்.

பிற்பாடு, அந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-இல் எழுதிய ஒரு சிறு வெளியீடு அது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழில் உறவு மையத்துக்காக, பணியிடங்களை மனதில் வைத்தே எழுதப்பட்டது. கூர்ந்து கேட்டலை வெறும் உத்தியாகக் கையாள முடியாது, கேட்பவரின் அடிப்படை மனப்பான்மை அதற்கு எதிராக இருந்தால் நடத்தை வெறுமையாகிவிடும், உடன் வேலை செய்பவர்கள் அதை விரைவில் கண்டுகொள்வார்கள் என்று அவர்களே அதில் எச்சரித்திருக்கிறார்கள். இரண்டு நாள் பயிற்சியில் அந்தப் பக்கம் வரவில்லை. உணர்ச்சிக்குப் பெயர் வைத்தால் அது அடங்கும் என்பதற்கு மேத்யூ லீபர்மன் குழுவின் 2007 ஆய்வை அடிக்கடி காட்டுகிறார்கள். அதில் முகப் படங்களைப் பார்த்தவர்கள் பொருத்தமான உணர்ச்சிச் சொல்லைத் தாங்களே தேர்ந்தெடுத்தபோது மூளையின் அமிக்டலா பகுதியில் செயல்பாடு குறைந்தது. சொல்லைத் தேர்ந்தவர்கள் அவர்கள். மேலதிகாரி ஒருவர் சொல்லைத் தேர்ந்து அவர்கள் நெற்றியில் ஒட்டினால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் சோதிக்கவில்லை, நான்தான் சோதித்தேன்.

ஆனாலும் அந்தப் பயிற்சியையே குப்பை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதே மாதத்தில் நகைக்கடன் ஏல நோட்டீஸோடு வந்து கத்திய ஒரு பெண்மணியிடம், "ரொம்ப அலைஞ்சிருக்கீங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் சட்டென்று அடங்கி உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் வட்டி கட்டும் வழியைப் பேசி முடித்தோம். ஒருவேளை அவரிடம் நான் 'சொல்றீங்க' போடாததால் இருக்கலாம். அல்லது அவர் கேட்டதைக் கொடுக்க என்னால் முடிந்திருந்தது என்பதால் இருக்கலாம். இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து மூன்றாவது முறை 1,200 ரூபாய் குறைந்தது. அதற்கும் சில வாரங்களுக்குப் பின் அவர் விடுப்பு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் கண்புரை அறுவை சிகிச்சை என்றிருந்தது. அன்று மாலை மூன்று தொகைகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1,600, 2,800, 1,200. மூன்றும் நானூறால் மீதமின்றி வகுபடும். நூறு ரூபாய் நோட்டு என்று நினைத்து ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால், ஒவ்வொரு நோட்டுக்கும் நானூறு போகும். நாலு நோட்டு, ஏழு நோட்டு, மூன்று நோட்டு.

கணக்கில் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கணக்கர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த மாதிரியான புத்தி எனக்கு இல்லாதது அல்ல. அந்த வாரம் அதைப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். அவருடைய முகத்தைப் படிக்க முனைந்தேன், அவருடைய எண்ணைப் படிக்கவில்லை. பழைய வரிசையில் ஐந்நூறு ரூபாய்த் தாள் 167 மில்லிமீட்டர் நீளம், நூறு ரூபாய்த் தாள் 157. அகலம் இரண்டும் 73. அவருடைய விரல்கள் அந்தத் தாள்களோடு வளர்ந்தவை. 2016-இல் வந்த ஐந்நூறு 150, 2018-இல் வந்த நூறு 142, அகலம் 66. ஒன்று கல்லின் சாம்பல் நிறம், மற்றொன்று லாவண்டர். கண்ணின் வில்லையில் புரை படரும்போது அது மஞ்சளித்து, நீலத்தையும் ஊதாவையும் மங்கச் செய்யும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாம்பலுக்கும் வெளிறிய ஊதாவுக்கும் எவ்வளவு தூரம் இருந்திருக்கும்? எங்கள் எண்ணும் இயந்திரம் எத்தனை தாள் என்று மட்டுமே சொல்லும், எத்தனை ரூபாய் என்று சொல்லாது. தாளின் ஓரத்தில் பார்வையற்றோருக்காகப் புடைப்பாக அச்சிட்ட கோடுகள் உண்டு, நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. அன்றைக்குப் பிறகுதான் நானே அவற்றை முதன்முறையாகத் தடவிப் பார்த்தேன். பழகிய தாளில் அவை ஏறத்தாழத் தேய்ந்திருந்தன.

இதையும் நான் மிகைப்படுத்திக்கொள்ளலாம். நூறின் மடங்கான எந்தத் தொகையும் நானூறால் வகுபட நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று முறையும் தற்செயலாக நேர அறுபத்து நாலில் ஒன்று. அரிதுதான்; நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியாது. பின்னால் தெரிந்துகொண்ட ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த எண்களைப் பார்த்தால் எதுவும் பளிச்சென்றுதான் தெரியும். 'என்ன ஆச்சு சார்?' என்ற மூன்று சொற்களைக் கேட்டிருந்தால் அவர் கண்ணைச் சொல்லியிருப்பார், மூன்றாவது முறை போன 1,200 ரூபாயாவது அவருக்கு மிஞ்சியிருக்கும் என்று பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவதில் ஒரு வசதியும் இருந்தது. தவறு சொற்களில் இருந்தது என்றால் சொற்களை மாற்றினால் போதும்.

அவர் பணி ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு, பெட்டகத்தைப் பூட்டிவிட்டு வரும் வழியில், அந்த மாலையைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். சீட் கேட்டீங்க, நான் என்னவோ பேசி அனுப்பிவிட்டேன், மன்னிச்சுக்குங்க சார் என்றேன். அவர் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"நீங்க நல்லபடியாத்தான் கேட்டீங்க, மேடம். நான்தான் சொல்லலை. டாக்டர் அதுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே ஆபரேஷன்னு சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் சார்?"

"கண்ணுன்னு சொன்னா, தெரிஞ்சேதான் கேஷ்ல உக்காந்தியான்னு கேப்பாங்கல்ல? அதான், பேசாம கட்டிட்டேன்."

ஆக, 'என்ன ஆச்சு' என்று கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கப் போவதில்லை. கேட்கும் முறையைப் பற்றி நான் மாதக்கணக்கில் செய்த ஆராய்ச்சி அத்தனையும், கேட்பவர் யார் என்ற ஒரே விஷயத்தின் முன் ஒன்றுமில்லாமல் போயிற்று. பெட்டகச் சாவியின் மறுபாதியும் அவருடைய பணிக் கோப்பும் என் கையில் இருக்கும்வரை, என் காது எவ்வளவு கூர்மையாக இருந்தும் அவருக்கு என்ன? அப்படியானால் சீட்டை மட்டும், எந்தக் கேள்வியும் கேட்காமல், கொடுத்திருக்க வேண்டும். காரணம் தெரியாமல் கொடுக்கும் மேலாளராக என்னால் இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்று எழுத இந்தக் கை ஓடவில்லை. 'நீங்க நல்லபடியாத்தான் கேட்டீங்க' என்றது உண்மையா, ஓய்வு பெறப் போகிறவரின் மரியாதையா என்பதும் எனக்கு விளங்கவில்லை. திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளும் உத்தி கையில் இருந்தும் அதைக் கேட்கும் தைரியம் வரவில்லை.

இப்போது வேறொரு கிளையில் இருக்கிறேன். சென்ற மாதம் இங்கே காசாளராக இருக்கும் இளைஞருக்கு 800 ரூபாய் குறைந்தது. அவரை அறைக்கு அழைக்கவில்லை. கதவைச் சாத்தவில்லை. நானே எழுந்து கேஷ் கேபினுக்குப் போய், கம்பிக்கு வெளியே நின்று, மேலே இருந்த ட்யூப்லைட்டைப் பார்த்து, இந்த வெளிச்சம் போதுமா தம்பி என்று கேட்டேன். அவர் எண்ணிக்கொண்டிருந்த கட்டைச் சட்டென்று கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மேடம், என் மேல ஏதாவது கம்ப்ளெயின்ட்டா?"